இசைமேதைகளின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய பரிசுப் புத்தகம்: பார்த்து வாங்க, படிக்க, பாதுகாக்க முழு வழிகாட்டி

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் நெருங்கினால் புத்தகக் கடைகளில் பரிசுப் புத்தகங்கள் குவிந்துவிடும். துணி அட்டை, அதில் பொன்னிறத்தில் யாழும் இலைக்கொடியும், தங்கம் பூசிய தாள் ஓரங்கள், முதல் பக்கத்தில் ஓர் உருவப்படம், அதன் மேல் மெல்லிய திசுத்தாள். படிப்பதற்கு என்பதைவிடக் கொடுப்பதற்கென்றே செய்தவை இவை. இந்த வழக்கம் 1820களில் ஆண்டு மலர்களோடு சூடு பிடித்தது. அப்புறம் கவிதை, பயணம், வரலாறு என எல்லாவற்றுக்கும் பரவியது. இசைமேதைகளின் வாழ்க்கைக் கதையும் அதில் சேர்ந்துகொண்டது. வரவேற்பறையில் பியானோ இருந்த நடுத்தரக் குடும்பங்களில் அதை வாசிக்கக் கற்ற பெண்ணுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தவர்களுக்கு, பாக், மொசார்ட், பீத்தோவன் மூவரையும் ஒரே அட்டைக்குள் அடக்கிய புத்தகம் கைக்கு வாகாக இருந்தது.

அந்தப் புத்தகங்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. சிலவற்றின் விலை ஒரு நல்ல புதுப் புத்தகத்தின் விலையை எட்டாது. ஆனால் வாழ்க்கை வரலாறு படிக்கலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். இவற்றில் உள்ள கதைகளில் பாதி பிற்கால ஆய்வுக்கு முன் நிற்காதவை. அட்டையையும் தாளையும் அச்சையும் கண்ணுக்காக வாங்குங்கள். உள்ளே இருப்பதை, 1880லோ 1901லோ வாழ்ந்த ஒரு ரசிகர் யாரைப் பெரியவர் என்று நினைத்தார் என்பதற்கான பதிவாகப் படியுங்கள். அப்படிப் பார்த்தால் புத்தகத்தின் பிழைகள்கூடச் சுவையாகிவிடும்.

வழிகாட்டி முழுக்க ஒரே புத்தகத்தைத்தான் முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்கர் எல்பர்ட் ஹப்பர்ட் 1901இல் வெளியிட்ட 'லிட்டில் ஜர்னீஸ் டு தி ஹோம்ஸ் ஆஃப் கிரேட் மியூசிஷியன்ஸ்' (பெரிய இசைக்காரர்களின் வீடுகளுக்குச் சிறு பயணங்கள்). சோப்பு வியாபாரத்தில் பணம் சேர்த்த ஹப்பர்ட், அதைவிட்டு வெளியே வந்து, ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைப் பார்த்துச் சொக்கிப்போய், நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஈஸ்ட் அரோராவில் ராய்கிராஃப்ட் என்ற கைவினைக் கூடத்தை 1895இல் தொடங்கினார். அங்கே மாதம் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சிறு புத்தகம் அச்சாகும். 1901 முழுவதும் இசைக்காரர்கள். அந்தப் பன்னிரண்டும் பிறகு நூலாகக் கட்டப்பட்டன.

படி 1: எந்த வகைப் புத்தகம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பழைய இசை வாழ்க்கைப் புத்தகங்களைத் தோராயமாக மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விக்டோரியா காலத் துணி அட்டைத் தொகுப்புகள். பதிப்பாளரே துணி அட்டை போட்டு விற்கும் முறை 1820களில் வந்தது. துணியில் பொன் அச்சு பதிக்கும் நுட்பம் 1830களில் கைகூடியது. அதற்கு முன் வாங்குபவர்தான் பைண்டரிடம் கொண்டுபோய் அட்டை போட்டுக்கொள்வார். நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனம் 1878இல் வெளியிட்ட ஜார்ஜ் ஃபெரிஸின் ஜெர்மன் இசையமைப்பாளர்கள் பற்றிய தொகுப்பு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது, இளைஞர்களுக்கான கதை வாழ்க்கை வரலாறு. சிகாகோவின் மெக்ளர்க் நிறுவனம் 1904 முதல் வெளியிட்ட சிறு நூல் வரிசையில் பீத்தோவன், மொசார்ட், பாக் ஆகியோர் உண்டு. ஜெர்மனில் இருந்து மொழிபெயர்த்தவர் ஜார்ஜ் அப்டன். சிகாகோ டிரிபியூன் பத்திரிகையின் இசை விமர்சகராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பரிசாக இப்படிப்பட்ட நூல்கள் ஏராளமாகக் கைமாறின. உள்ளட்டையில் ஒட்டிய பரிசுச் சீட்டு இருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். புத்தகத்தின் கதையில் அதுவும் ஒரு பகுதி.

மூன்றாவது, கைவினை அச்சகங்களின் நூல்கள். ராய்கிராஃப்ட் இங்கே வரும். மெத்தென்ற சூயேட் தோல் அட்டை, கத்தரிக்காத தாள் ஓரம், அத்தியாயத் தொடக்கத்தில் கையால் வண்ணம் தீட்டிய பெரிய எழுத்து, கடைசிப் பக்கத்தில் ராய்கிராஃப்டர்கள் தங்கள் கூடத்தில் செய்து முடித்தோம் என்று பழைய நடையில் ஒரு முடிவுக் குறிப்பு. வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' எழுத்து, அதன்மேல் இரண்டு குறுக்குக் கோடுள்ள சிலுவை: இதுதான் அவர்கள் முத்திரை.

மூன்றில் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் மற்ற படிகள் எளிது. அலமாரியில் அழகாக நிற்க வேண்டுமா, முதல் வகை. கையில் எடுத்தவுடன் வருடத் தோன்ற வேண்டுமா, மூன்றாவது. இரண்டாவது வகையை நான் யாருக்கும் வலியப் பரிந்துரைப்பதில்லை. நடை அவ்வளவு தித்திப்பு.

படி 2: வாங்குவதற்கு முன் இலவசமாகப் படித்துப் பாருங்கள்

காப்புரிமைக் காலம் கடந்த நூல்கள் இவை. ஹப்பர்டின் இசைக்காரர் தொகுதி புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் எழுத்து வடிவில் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு அத்தியாயம் படித்தாலே அந்த நடையோடு உங்களுக்கு ஒத்துப்போகுமா என்று தெரிந்துவிடும். ஹப்பர்ட் இசைக்காரரைப் பற்றிப் பேசுவதைவிட அவரைச் சாக்காக வைத்துத் தன் கருத்தைப் பேசுவதே அதிகம். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு எரிச்சல்தான் வரும்.

படப் பிரதிக்கு இன்னொரு பயன் உண்டு. மொத்தம் எத்தனை பக்கம், எந்தப் பக்கத்துக்கு எதிரே எந்தப் படம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும்.

படி 3: புத்தகத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டியதில்லை. புத்தகமே சொல்லும்.

தலைப்புப் பக்கத்தின் அடியில் இருந்து தொடங்குங்கள். ரோமன் எண்ணில் இருந்தால் நிதானமாக எழுத்துக் கூட்டுங்கள்: எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1, பெரிய எழுத்துக்கு முன் சிறியது வந்தால் கழிக்க வேண்டும். எம், சி, எம், ஐ என்று நான்கு எழுத்து இருந்தால் 1901.

அடுத்து, அதன் பின்பக்கத்தில் உள்ள காப்புரிமை ஆண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காப்புரிமை ஆண்டு அச்சான ஆண்டு அல்ல. ஹப்பர்டும் அவர் மனைவியும் 1915 மே 7 அன்று லூசிடானியா கப்பல் மூழ்கியபோது இறந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் நினைவாக எல்லாச் 'சிறு பயண' நூல்களும் 14 தொகுதிகளாக வந்தன. இசைக்காரர்கள் 14ஆவது தொகுதி. இந்த வரிசை 1920களில் வேறொரு நிறுவனத்தால் மறுபடி அச்சாகிப் பெருமளவில் விற்றது. அவற்றிலும் 1916 காப்புரிமைக் குறிப்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 1916 பதிப்பு என்று பட்டியலிடுபவர்கள் நிறைய. பதிப்பாளர் பெயரைப் பாருங்கள். ராய்கிராஃப்டர்கள் என்று இல்லாமல் வில்லியம் வைஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது பிற்கால அச்சு. படிக்க அதுவும் நல்ல புத்தகம்தான், ஆனால் கைவினை நூலின் விலையைக் கொடுக்காதீர்கள்.

ராய்கிராஃப்ட் பற்றி இன்னொன்று. அங்கே வேலை பார்த்தவர்களில் இன்று பெயர் பெற்ற வடிவமைப்பாளர் டார்ட் ஹண்டர். அவர் பெயரைச் சேர்த்தால் விலை ஏறும் என்பதால் பட்டியலில் தாராளமாகச் சேர்ப்பார்கள். அவர் ஈஸ்ட் அரோராவுக்கு வந்ததே 1904இல். 1901 நூலின் அலங்காரம் அவர் கைவண்ணமாக இருக்க வழியில்லை.

யாராவது மையில் எழுதிய வாழ்த்துக் குறிப்பு இருந்தால் அதிர்ஷ்டம். '1903 கிறிஸ்துமஸ், அன்புடன் அத்தை' என்ற மாதிரி ஒரு வரி போதும், புத்தகம் அதற்குப் பிறகு அச்சாகியிருக்க முடியாது. காப்புரிமை ஆண்டு ஒரு பக்க வேலி, வாழ்த்துக் குறிப்பின் தேதி மறு பக்க வேலி. பின்பக்கங்களில் பதிப்பாளரின் புத்தக விளம்பரம் இருந்தால் அதில் உள்ள தலைப்புகள் வந்த ஆண்டுகளையும் பார்க்கலாம்.

எந்தத் தேதியும் இல்லாத புத்தகம் என்றால்? உள்ளடக்கத்துக்குப் போங்கள். யாரை உயிரோடு இருப்பவராக எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். வாக்னர் இறந்தது 1883, லிஸ்ட் 1886, பிராம்ஸ் 1897, வெர்டி 1901, துவோர்ஷாக் 1904, கிரீக் 1907. வாக்னரை நிகழ்காலத்தில் பேசிவிட்டு லிஸ்டை அவருடைய மாமனார் என்று வாழ்பவராகக் குறித்தால் நூல் 1883க்கு முந்தைய எழுத்து. 1878இல் வந்த ஃபெரிஸின் நூலில் வாக்னர் உண்டு. ஆனால் முதல் சிம்ஃபனியை 1876இல்தான் அரங்கேற்றியிருந்த பிராம்ஸுக்கு அங்கே தனி அத்தியாயம் இல்லை. போலந்துக்காரரான ஷோபானை ஜெர்மானியர்களோடு உட்கார வைத்திருப்பதையும் அங்கே காணலாம்.

யார் இல்லை என்பது இதைவிடப் பெரிய துப்பு. விவால்டியைத் தேடுங்கள். இன்று உலகமே முணுமுணுக்கும் அவருடைய இசை 19ஆம் நூற்றாண்டு முழுக்கத் தூங்கிக்கிடந்தது. 1926இல் இத்தாலியில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெருந்தொகுதியாகக் கிடைத்து, டூரின் நூலகத்துக்குப் போன பிறகுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார். பரிசுப் புத்தகத்தில் விவால்டிக்குத் தனி அத்தியாயம் இருந்தால் அதன் பழமையைச் சந்தேகியுங்கள். ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்ஃபனி வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தது 1865இல். அதைப் புகழும் நூல் 1850களைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. மொசார்ட்டின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக 'பன்னிரண்டாவது மாஸ்' என்று ஒரு தேவாலய வழிபாட்டு இசையைப் புகழ்ந்திருந்தால் விக்டோரியா கால வாசனை அடிக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத் தேவாலயப் பாடகர் குழுக்கள் விழுந்து விழுந்து பாடிய அந்த இசை மொசார்ட்டுடையதே அல்ல.

ஹப்பர்டின் பன்னிருவரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்: வாக்னர், பகானினி, ஷோபான், மொசார்ட், பாக், மெண்டல்சன், லிஸ்ட், பீத்தோவன், ஹாண்டெல், வெர்டி, ஷூமான், பிராம்ஸ். ஹைடன் இல்லை. ஷூபர்ட் இல்லை. ஆனால் வயலின் மாயாவி பகானினி இருக்கிறார். இன்று யாராவது இப்படிப் பட்டியல் போட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். 1901 அமெரிக்க வாசகருக்கு நல்ல கதை இருந்தவர்களே வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது. ஒரே பிரபுக் குடும்பத்திடம் பல பத்தாண்டுகள் நிம்மதியாக வேலை பார்த்த ஹைடனிடம் அவ்வளவு நாடகம் இல்லை.

படி 4: முழுமையாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்

இசைமேதைப் புத்தகங்களுக்கு ஒரு தனிச் சாபம் உண்டு. சட்டம் போட்டு மாட்டுவதற்காக உருவப்படங்களை வெட்டி எடுத்துவிடுவார்கள். எழுத்துப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், பீத்தோவன் மட்டும் காணாமல் போயிருப்பார். படப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தையல் ஓரத்தில் ஒரு குறுகிய தாள் துண்டு துருத்திக்கொண்டிருந்தால் அங்கே ஏதோ இருந்திருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் பழுப்பாக ஒரு செவ்வக நிழல் மட்டும் இருந்தாலும் அதே பொருள்.

படம் எப்படி அச்சானது என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அது. தொடர்ச்சியான கோடுகளும் குறுக்குக் கோடுகளும் தெரிந்தால் எஃகு அல்லது மரச் செதுக்கு. வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன். 1880களுக்குப் பிறகு பரவியது. கோடும் இல்லாமல் வரிசைப் புள்ளியும் இல்லாமல் வெல்வெட் மாதிரி கருமை படிந்திருந்தால் போட்டோகிராவ்யூர். நல்ல பரிசுப் பதிப்புகளில் அதைத்தான் விரும்பினார்கள். 1860 என்று சொல்லி விற்கும் புத்தகத்தில் புள்ளிப் படம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

படங்களின் உள்ளடக்கத்தையும் ரசிக்கலாம், ஆனால் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவப்புக் கோட்டில் நாம் எங்கும் பார்க்கும் மொசார்ட் படத்தை பார்பரா கிராஃப்ட் வரைந்தது 1819இல், மொசார்ட் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு. இரவு உடையில் மேல்மாடியில் கிளாவிகார்டு (பியானோவுக்கு முந்தைய சிறு கட்டைக் கருவி) வாசிக்கும் சிறுவன் ஹாண்டெலை, விளக்கோடு வந்த குடும்பத்தார் கண்டுபிடிக்கும் காட்சி மார்கரெட் டிக்ஸியின் 1893ஆம் ஆண்டு ஓவியம். பாக் குடும்பம் காலை வழிபாட்டில் கூடியிருக்கும் படம் டோபி ரோசந்தால் 1870இல் தீட்டியது. பாக்கை நேரில் பார்த்து வரைந்ததாக உறுதியாகச் சொல்லத்தக்கது ஹௌஸ்மானின் 1746ஆம் ஆண்டு உருவப்படம். பீத்தோவன் உட்கார்ந்து கொடுக்க ஸ்டீலர் வரைந்தது 1820இல்.

படி 5: பச்சை அட்டை என்றால் நிதானம்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குறிப்பாக 1840களிலும் 50களிலும், துணி அட்டைக்குப் பளீரென்ற பச்சை நிறம் கொடுக்க எமரால்டு பச்சை என்ற நிறமியைப் பயன்படுத்தினார்கள். செம்பும் ஆர்சனிக்கும் கலந்தது அது. அமெரிக்காவின் டெலவேரில் உள்ள விண்டர்தர் அருங்காட்சியகமும் டெலவேர் பல்கலைக்கழகமும் 2019இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் இப்படிப்பட்ட நச்சு அட்டைகளைத் தேடிப் பட்டியலிட்டு வருகிறது. அந்த நிறமி துணியில் உறுதியாக ஒட்டுவதில்லை, தொட்டால் கையோடு வரும்.

அந்தக் காலத்துப் பளிச்சென்ற பச்சைப் புத்தகம் கைக்கு வந்தால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், ஜிப் உறையில் போட்டு மூடுங்கள், பார்த்து முடித்ததும் கை கழுவுங்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கவே வேண்டாம். 1880களுக்குப் பிந்தைய நூல்களில் இந்தக் கவலை மிகக் குறைவு. எல்லாப் பச்சையும் விஷமும் அல்ல. கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதால்தான் இந்த ஜாக்கிரதை.

படி 6: விற்பனைக் குறிப்பைப் படித்து வாங்குங்கள்

ஏப்புக்ஸ், ஈபே போன்ற தளங்களில்தான் பெரும்பாலும் வாங்குவோம். அங்கே புத்தகத்தின் நிலையைக் குறிக்கும் சொற்களுக்கு நம் காதில் விழும் பொருள் இருப்பதில்லை. 'ஃபைன்' என்றால் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 'வெரி குட்' என்றால் சிறு குறைகள் உண்டு. 'குட்' என்றால் நன்றாகத் தேய்ந்தது. 'ரீடிங் காபி' என்றால் கைவிட்டுவிட்டார்கள். 'எக்ஸ் லைப்ரரி' என்றால் முத்திரையும் ஒட்டுச் சீட்டும் பசைத் தழும்பும் இருக்கும். 'ஏ.இ.ஜி.' என்பது மூன்று ஓரமும் தங்கம், 'டி.இ.ஜி.' என்பது மேலோரம் மட்டும். 'ஃபாக்ஸிங்' என்பது தாளில் துரு நிறப் புள்ளிகள். அவை படத்தின் முகத்தில் விழுந்திருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: முதுகு, மூட்டு, தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், ஒவ்வொரு உருவப்படம். முதுகும் அட்டையும் சேரும் மூட்டு விரிந்திருந்தால் பழுதுபார்க்கும் செலவு புத்தக விலையைத் தாண்டும். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அதே தலைப்பில் இன்று அச்சடித்த நகல்களும் இதே பட்டியலில் கலந்திருக்கும். 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' என்று ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருப்பார்கள். ஐ.எஸ்.பி.என். எண் இருந்தால் அது பழைய புத்தகம் அல்ல. அந்த எண் முறையே 1960களின் கடைசியில்தான் பிறந்தது.

விலையைப் பற்றி ஒன்றுதான். 14 தொகுதி நினைவுப் பதிப்பின் தனித் தொகுதிகள் எங்கும் கிடைக்கும், அவசரப்படவே வேண்டாம். கையால் வண்ணம் தீட்டி, எண் இட்டு, ஹப்பர்டின் கையெழுத்தோடு வந்த வரையறுத்த பிரதிகள் வேறு கதை. எதை வாங்கினாலும் வெளிநாட்டுத் தபால் செலவையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல சமயம் தபால்தான் பெரிய தொகை.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

பிரித்தவுடன் அலமாரியில் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். ஒரு பாலிதீன் பையில் தனியாகச் சில வாரம் வையுங்கள். பொடி உதிர்ந்தால், சிறு துளைகள் தெரிந்தால் பூச்சி இருக்கிறது. பையை நன்றாக மூடி வீட்டு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அறை வெப்பத்துக்கு வரவிடலாம். அவசரப்பட்டுப் பிரித்தால் தாளில் ஈரம் கோக்கும். தோல் அட்டை ஏற்கெனவே உதிர்கிற நிலையில் இருந்தால் இதை வீட்டில் செய்யாமல் நூல் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

1870களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்துப் பதப்படுத்தியதால் அதில் அமிலம் தங்கி, காலப்போக்கில் மஞ்சளாகி, மடித்தால் ஒடியும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். வெயில் படாத இடம், காற்றோட்டம், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் அந்த எண்ணை எட்டுவது கடினம். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று, மூடிய பெட்டி, அதற்குள் அவ்வப்போது உலர்த்திப் போடும் சிலிகா ஜெல் பை: இது போதும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். நாப்தலின் உருண்டையைப் புத்தகத்தோடு வைக்காதீர்கள். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைக்கும் பழக்கம் இருந்தால், இலை கறை விடும் என்பதால் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

ராய்கிராஃப்டின் சூயேட் அட்டைக்குத் தனிக் கவனம் வேண்டும். நூறாண்டு கழிந்த அந்தத் தோல் பழுப்புப் பொடியாக உதிரும், பக்கத்துப் புத்தகத்தையும் கறையாக்கும். அட்டை தாளைவிட அகலமாக நீட்டி மடங்கியிருப்பதால் ஓரம் முதலில் கிழியும். அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் மெத்தென்ற அட்டை தொய்ந்து உட்கார்ந்துவிடும். எண்ணெய், ஷூ பாலிஷ், தோல் மெருகு எதுவும் தடவாதீர்கள். பழைய தோலுக்கு எண்ணெய் விட்டால் உயிர் வரும் என்ற நம்பிக்கையால் கெட்ட புத்தகங்கள் கணக்கில்லாதவை.

தூசிக்கு மென்மையான தூரிகை, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக. கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் கூடவே கூடாது. ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமைக் கஞ்சிப் பசையும்தான் முறை. கை பழகாவிட்டால் கிழிசலை அப்படியே விட்டுவிடுவது மேல். படிக்கும்போது கையுறை வேண்டாம். கழுவித் துடைத்த கைதான் நல்லது, கையுறையோடு புரட்டினால் தாள் ஓரம் கிழியும். படி 5இல் சொன்ன பச்சை அட்டை மட்டும் விதிவிலக்கு.

படி 8: இனி படியுங்கள், ஆனால் ஒரு பென்சிலோடு

பென்சில் புத்தகத்துக்கு அல்ல, பக்கத்தில் வைத்திருக்கும் நோட்டுக்கு. எந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டே போனால் இந்த நூல்கள் இரட்டிப்பு ருசி. பெரும்பாலான கதைகளுக்கு ஊற்று நான்கைந்துதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை மீதி.

ஹாண்டெலின் தந்தை இசையைத் தடுத்தார், பையன் கிளாவிகார்டை மேல்மாடிக்குக் கடத்திப்போய் இரவில் வாசித்தான் என்ற கதை ஜான் மெயின்வாரிங் 1760இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. ஹாண்டெல் இறந்த மறு ஆண்டே வந்த நூல், நல்ல பெயர் பெற்றது. ஆனால் இந்தக் கதைக்கு வேறு சான்று கிடையாது. அவருடைய புகழ்பெற்ற பாடகர் குழுப் படைப்பான மெசாயா 24 நாளில் எழுதப்பட்டது என்பது உண்மை: 1741 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 14 வரை என்று கையெழுத்துப் பிரதியிலேயே தேதி இருக்கிறது. அதோடு பரிசுப் புத்தகங்கள் சேர்க்கும் கண்ணீர்க் காட்சிகளை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

சிறுவன் பாக் அண்ணன் பூட்டி வைத்த இசைச் சுவடியைக் கம்பிக் கதவு வழியே எடுத்து, ஆறு மாதம் நிலா வெளிச்சத்தில் நகலெடுத்த கதை, 1754இல் அச்சான அவருடைய இரங்கல் குறிப்பில் இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல். எனவே குடும்பத்தில் புழங்கிய கதை என்று துணிந்து சொல்லலாம். பின்னாளில் கண் கெட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது பரிசுப் புத்தகக்காரர்களின் கைச்சரக்கு.

மொசார்ட்டிடம்தான் கற்பனை கட்டவிழ்ந்து ஓடும். 1791 டிசம்பர் 5 அன்று இறந்தவரை சக இசையமைப்பாளர் சாலியேரி நஞ்சிட்டார் என்பார்கள், ஆதாரம் கிடையாது. புயலில் நண்பர்கள் எல்லாரும் பாதியில் திரும்ப, ஏழைகளின் குழியில் உடல் வீசப்பட்டது என்பார்கள். அவர் புதைக்கப்பட்டது அன்றைய வியன்னாவின் நடுத்தர மக்கள் பலர் புதைக்கப்பட்ட முறையில்தான். ஆடம்பரச் சவ அடக்கத்தை இரண்டாம் யோசேப்பு பேரரசரின் விதிகள் குறைத்திருந்தன. புயல் அடிக்கவில்லை என்று அக்கால நாட்குறிப்பும் வானிலைப் பதிவும் காட்டுகின்றன. சாம்பல் நிற உடையில் வந்து ரெக்குவியம் (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) கேட்ட மர்ம மனிதரின் பின்னால் இருந்தவர் வால்செக் பிரபு. இறந்த தன் மனைவிக்காகக் கேட்டார், தானே எழுதியதாகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் அவருக்கு இருந்தது. கற்பனைக் கதையைவிட உண்மை சுவாரசியமாக இருக்கும் அரிய இடம் இது. இன்னொன்று: இசை முழுமையாக ஒரே கணத்தில் மனதில் தோன்றும் என்று மொசார்ட் எழுதியதாக ஒரு கடிதத்தை நீளமாக மேற்கோள் காட்டியிருந்தால் அது 1815இல் ரோக்லிட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் வெளியிட்டது, போலி.

பீத்தோவன் அத்தியாயத்தில் ஷிண்ட்லர் என்ற பெயர் வந்தால் உஷார். பீத்தோவனின் உதவியாளராக இருந்து 1840இல் வாழ்க்கை வரலாறு எழுதியவர். ஐந்தாம் சிம்ஃபனியின் தொடக்கத்தை 'விதி கதவைத் தட்டுகிறது' என்று பீத்தோவன் சொன்னதாகச் சொன்னவரும் இவர்தான். காது கேளாத பீத்தோவனோடு மற்றவர்கள் எழுதிப் பேசிய உரையாடல் நோட்டுகளில், பீத்தோவன் இறந்த பிறகு ஷிண்ட்லர் தன் பங்குக்குப் பல வரிகளைச் செருகியிருந்தது 1970களில் அம்பலமானது. பரிசுப் புத்தக ஆசிரியர்களுக்கு அது தெரிய வழியில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நிலவொளி சொனாட்டா என்ற பெயரும் பீத்தோவன் வைத்ததல்ல. அவர் மறைந்த பின் ரெல்ஷ்டாப் என்ற விமர்சகரின் வர்ணனையிலிருந்து ஒட்டிக்கொண்டது. பார்வையற்ற பெண்ணுக்காக நிலா வெளிச்சத்தில் அதை வாசித்த கதை இருந்தால் ரசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

பெண்கள் எங்கே என்றும் தேடுங்கள். கிளாரா ஷூமான் மனைவியாக வருவார், ஃபேனி மெண்டல்சன் அக்காவாக வருவார். ஃபேனியின் சில பாடல்கள் தம்பி ஃபெலிக்ஸின் பெயரிலேயே அச்சாகின. 1842இல் விக்டோரியா ராணி ஃபெலிக்ஸ் முன்னால் தனக்குப் பிடித்த பாட்டு என்று 'இத்தாலியா'வைப் பாடிக்காட்ட, அது அக்கா எழுதியது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த அழகான சம்பவம் பழைய நூலில் இருந்தால் அந்த ஆசிரியரின் மேல் எனக்கு மதிப்பு கூடிவிடும்.

படி 9: பரிசாகக் கொடுப்பது

உங்கள் வாழ்த்தைப் புத்தகத்தின் மேல் எழுதாதீர்கள், குறிப்பாகப் பால்பாயிண்ட் பேனாவால். அமிலமற்ற அட்டையில் எழுதி முன் அட்டைக்குள் செருகுங்கள். பழைய வாழ்த்துக் குறிப்பு இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிக் கொடுங்கள். நாடாவால் இறுக்கிக் கட்டினால் பழைய மூட்டு தாங்காது, மெல்லிய துணியில் சுற்றினால் போதும்.

பெறுபவர் இசை கேட்பவர் என்றால் அட்டையின் பின்புறம், புத்தகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு படைப்பை மட்டும் எழுதிக் கொடுங்கள். ஹப்பர்டின் தொகுதிக்கு என்றால் நான் பாக்குக்கு கோல்ட்பெர்க் மாறுபாடுகள், ஷூமானுக்கு குழந்தைப் பருவக் காட்சிகள், பிராம்ஸுக்கு கிளாரினெட் குவின்டெட் என்று எழுதுவேன். விட்டுப்போன ஹைடனையும் ஷூபர்ட்டையும் கடைசி வரியில் சேர்த்துவிடுவேன்.